விசாரிக்கப்படாத பாதி

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் விடியற்காலை பொதுக் குழாயில் தண்ணீர் வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும். குடங்களை நகர்த்திக்கொண்டே யாராவது ஒரு பெரியம்மா கேட்பார்: "என்ன புள்ள, விசேஷம் ஏதும் உண்டா?" கேட்கப்படுபவர் எப்போதும் பெண்தான். ஏழு ஆண்டுகளாக "இல்ல பெரியம்மா" என்று பதில் சொல்லிவருகிறார் ஒரு பெண்.

அவருக்கு வயது 31. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வயது 36. தாராவியில் ஒரு பட்டறையில் கைப்பைகளுக்கும் பர்ஸ்களுக்கும் தோல் வெட்டுகிறார். பத்துக்குப் பத்து அறை. மேலே ஏணி வைத்து ஏறும் பலகைத் தளத்தில் கணவன் மனைவி, கீழே மாமியார். மாமியார் என்றாலும் அந்நியர் அல்ல, அப்பாவின் கூடப்பிறந்த அத்தை. நெல்லைச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் வாழ்கிற இடம் இது. தோல் பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளின் கணக்கு நீளமானது. இரண்டு தடவை திருச்செந்தூருக்குப் போய் சஷ்டி விரதம். செப்டம்பர் திருவிழாவில் பாந்த்ரா மேரி மாதா கோயிலில் மெழுகுக் குழந்தை காணிக்கை. மருத்துவக் கணக்கு தனி. ஸ்கேன், சாயம் செலுத்திக் கருக்குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே, கருப்பையைச் சுரண்டி எடுத்துச் சோதிப்பது இரண்டு தடவை, மாதக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை. சீட்டு எடுத்த பணம் அதில் கரைந்தது. மாத்திரையால் உடம்பு ஊதியது. எல்லா அறிக்கையும் ஒன்றையே சொன்னது: குறை எதுவும் இல்லை. குறை இல்லை என்று தெரிந்த பிறகும் அவரையே மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். வேறு யாரையும் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இது லேபர் கேம்ப்பின் குற்றம் மட்டும் அல்ல. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்கு, சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியோ தவறோ, அதிலும் பேச்சு கருப்பையைப் பற்றித்தான். மலடி என்ற சொல் சண்டையில் சட்டென்று வாயில் வந்துவிடும். மலடன் என்று சொல்ல இலக்கணத்தில் தடை ஏதும் இல்லை, ஆனால் தெருவில் அந்தச் சொல் காதில் விழுவதில்லை. 'ஆண்மை' என்ற ஒரே சொல், வீரம், உடலுறவுத் திறன், பிள்ளை பெறும் தகுதி மூன்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறது. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருக்கும் என்று நம்பவைக்கிற சொல் அது. முதல் இரண்டும் குறைவில்லாமல் இருக்கும் ஒருவருக்கு மூன்றாவது இல்லாமல் போகலாம் என்பதை மருத்துவம் அறியும். வீடு அறியாது.

நகராட்சி மருத்துவமனை ஒன்றில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்தான் முதலில் கேட்டார். தடித்த ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் கணவருடைய ரிப்போர்ட் எங்கே?" என்றார் இந்தியில். அப்படி ஒன்று இல்லை என்றதும் ஃபைலை மூடிவிட்டார். "முதலில் அது வரட்டும்."

அது வர நான்கு மாதம் ஆயிற்று. "எனக்கென்ன குறை, நல்லாத்தான இருக்கேன்?" என்றார் கணவர். பிறகு பட்டறையில் லீவு கிடைக்கவில்லை என்றார். பிறகு ஒரு நாள், மனைவி மூன்றாவது தடவை கருப்பையைச் சுரண்ட நாள் குறித்துக்கொண்டு வந்தபோது, பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் சொற்பம். ஏழு ஆண்டு வைத்தியத்தில் மிக மலிவான சோதனை அதுதான்.

அறிக்கையில் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: நில். ஒன்றுமில்லை என்று பொருள். தமிழாகப் படித்தால் வேறு பொருள். அவர் அந்த வராந்தாவில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாகத் தருகிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டுக் கையேடு. இவருடைய விந்தில் ஒன்றுகூட இல்லை. 'ஏசூஸ்பெர்மியா' என்பது இதன் மருத்துவப் பெயர். விந்து என்ற திரவத்தின் பெரும்பகுதி விரையிலிருந்து வருவதல்ல. வழியில் உள்ள வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அதனால் விந்தணு இல்லாதவருக்கு வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நிலை. குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்கு.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இத்தகைய தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் காரணம் உண்டு என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. விசாரிக்கப்படாத பாதி அது.

விசாரணை தொடங்கியதும் கேள்விகள் வரிசையாக வந்தன. சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, அது விரையில் இறங்கியதா? அடிபட்டதா, ஆபரேஷன் நடந்ததா? புகையிலை உண்டா? சூடான இடத்தில் வேலையா? விரை உடம்பின் உட்சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த சூட்டில் வேலை செய்வது. அதனால்தான் அது உடலுக்கு வெளியே இருக்கிறது. உலைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்பவர்களிடம் டாக்டர்கள் இதைக் கேட்டே தீருவார்கள். கடைசியாக ஒரு கேள்வி: "உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" சொந்தம்தான். அத்தை மகனும் மாமன் மகளும்.

அடுத்து, ஆலையில் உற்பத்தியே இல்லையா அல்லது உற்பத்தியானது வரும் பாதையில் அடைப்பா என்று பார்த்தார்கள். பாதை அடைப்பென்றால் வழி உண்டு. ஹார்மோன் அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆலைதான் ஓடவில்லை. ஏன்? குரோமோசோம் சோதனை நடந்தது. எக்ஸ், ஒய் என்று இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் சில ஆண்களுக்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு இப்படி. இவருக்கு இல்லை. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கு அவசியமான பகுதிகள் உண்டு என்பதை 1976-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் டியபோலோவும் சுஃபார்டியும் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பகுதிகளில் துண்டு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இல்லை.

'காரணம் அறியப்படாதது' என்று ஃபைலில் எழுதினார்கள். மருத்துவத்தில் இதற்குக் கிரேக்க மூலத்திலிருந்து வந்த அழகான சொல் ஒன்று உண்டு. பெயர் வைத்ததால் காரணம் தெரிந்துவிடாது.

லேபர் கேம்ப்பிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் பரேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் 1970 முதல் அங்கே இருக்கிறது. அதே பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1986 ஆகஸ்ட் 6-ல், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டி.சி. ஆனந்த்குமாரும் சேர்ந்து செய்த முயற்சியில் ஒரு சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது. கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் 1978-லேயே இதைச் சாதித்திருந்தார் என்பதைப் பின்னாளில் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து ஊரறியச் சொன்னவரும் இதே ஆனந்த்குமார்தான். 1992-ல் பிரஸ்ஸல்ஸில் இன்னொரு பாய்ச்சல் நடந்தது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கினார்கள். கோடிக்கணக்கில் வேண்டாம், ஒன்று போதும் என்றாயிற்று. ஆனால் அந்த ஒன்றாவது வேண்டும்.

இப்படிக் குழந்தை உண்டாக்கும் வித்தை வேகமாக வளர்ந்தது. ஏன் உண்டாகவில்லை என்ற அறிவு அந்த வேகத்தில் வளரவில்லை. காரணம், கேள்வி கடினமானது. விரையில் உருண்டையாக இருக்கும் ஒரு செல் பல தடவை பிரிந்து, குரோமோசோம்களைப் பாதியாக்கி, உடம்பைச் சுருக்கி, வால் முளைத்து விந்தணுவாக மாற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. முக்கியமாக விரையில் மட்டுமே வேலை செய்யும் ஜீன்கள் ஆயிரத்துக்கும் அதிகம். இவற்றில் எது பழுதானால் ஆலை நிற்கும்?

ரத்தத்தை எடுத்து ஜீன்களைப் படிக்கலாம். இப்போது அது எளிது. படித்தால் யாரிடமும் ஆயிரக்கணக்கில் எழுத்து வித்தியாசங்கள் இருக்கும். பெரும்பாலானவை தீங்கற்றவை. நான்கு பிள்ளை பெற்றவரிடமும் இருக்கும், பிள்ளையில்லாதவரிடமும் இருக்கும். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அதுதான் காரணம் என்று நிரூபிப்பது வேறு. மனிதரிடம் ஒரு ஜீனைக் கெடுத்துப் பார்க்க முடியாது, கூடாது. இங்கேதான் ஜீன் திருத்தம் என்ற கருவி உதவுகிறது.

மும்பையின் பழைய சால் கட்டடங்களில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி இருக்கும். முப்பது நாற்பது பியூஸ் இருக்கும், எது யாருடையது என்று எழுதியிருக்காது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எந்த வீட்டிலிருந்து கத்தல் வருகிறதோ அந்த வீட்டின் பியூஸ் அது. ஜீன் ஆராய்ச்சியும் இப்படித்தான். ஒரு ஜீனைச் செயலிழக்கச் செய்து, எந்த வேலை நிற்கிறது என்று பார்ப்பது. சுண்டெலியில் இதைச் செய்யும் வழியை உருவாக்கியதற்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய வழியில் ஒரு பியூஸைப் பிடுங்க ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்.

'கிரிஸ்பர்' வந்ததும் அது மாதக் கணக்காகச் சுருங்கியது. இது விஞ்ஞானிகள் கற்பனையில் செய்ததல்ல. தம்மைத் தாக்கும் வைரஸ்களை அடையாளம் கண்டு துண்டாக்க பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் ஆயுதம். 'கேஸ்9' என்ற புரதம் கத்தரி. சுமார் இருபது எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துண்டு வழிகாட்டி. வழிகாட்டி எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே கத்தரி வெட்டும். செல் அவசர அவசரமாக வெட்டை ஒட்டும்போது பிழை விழும், ஜீன் கெடும். இந்த ஆயுதத்தை எந்த டி.என்.ஏ.வையும் வெட்டும் கருவியாக மாற்றலாம் என்று 2012-ல் காட்டிய இம்மானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

ஆண் மலட்டுத்தன்மை ஆராய்ச்சியில் இந்தக் கத்தரி முதலில் சொன்ன பெரிய செய்திகளில் ஒன்று, 'இல்லை' என்பது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாஹிதோ இகாவாவின் குழுவும் அமெரிக்காவில் மார்ட்டின் மாட்சுக்கின் குழுவும் சேர்ந்து, விரையில் மும்முரமாக வேலை செய்யும் ஜீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அவர்களுடைய முடிவு: 54 ஜீன்கள் இல்லாமலே ஆண் எலிகள் குட்டி போட வைத்தன. மனிதனிலும் எலியிலும் மாறாமல் காக்கப்பட்டு வந்த ஜீன்கள் அவை. முக்கியமானவை என்றே எவரும் நினைத்திருப்பார்கள். பியூஸைப் பிடுங்கியும் எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஜீனில் வித்தியாசம் இருந்தது என்பதற்காக ஒருவரிடம் 'இதுதான் உங்கள் காரணம்' என்று சொல்லிவிடாமல் தடுப்பது இத்தகைய 'இல்லை'கள்தான்.

இந்தியாவில் இந்த விசாரணை பெருமளவில் நடப்பது ஹைதராபாத்தில், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யில். நடத்துபவர் குமாரசாமி தங்கராஜ். அந்தமான் பழங்குடிகளின் பூர்வீகத்தை டி.என்.ஏ. வழியே ஆராய்ந்து 2005-ல் உலகக் கவனம் பெற்றவர்களில் ஒருவர். ஆண் மலட்டுத்தன்மை அவருடைய இன்னொரு நீண்டகால ஆய்வு. பாதிக்கப்பட்ட ஆண்களில் 38 சதவீதம் பேரிடம் ஒய் குரோமோசோமிலோ வேறு ஜீன்களிலோ பழுது இருப்பதாக அவரது குழுவின் முந்தைய ஆய்வுகள் காட்டின. மீதிப் பேருக்கு? 2022-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பரிசோதிக்கப்பட்ட 47 ஆண்களின் ஜீன்களை முழுதாகப் படித்து, கிடைத்த வித்தியாசங்களை நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1,500 ஆண்களிடம் ஒத்துப்பார்த்தார்கள். இந்திய ஆண்களில் அதுவரை காரணமாக அறியப்படாத எட்டு ஜீன்கள் பட்டியலில் சேர்ந்தன.

அதன் பிறகு வந்தது 'டெக்ஸ்13பி'. பிள்ளை பெற்ற ஆண்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது, இந்த ஜீனில் இரண்டு மாற்றங்கள் கண்ணில் பட்டன. ஒன்று பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டுமே இருந்தது. மற்றது அவர்களிடம் அதிகமாக இருந்தது. சந்தேகம் வலுத்தது. சந்தேகம் சாட்சியாகாது. எலி விரையிலிருந்து எடுத்துச் சோதனைச்சாலையில் வளர்க்கப்படும் செல்களில் கிரிஸ்பர் கத்தரியால் அந்த ஜீனைச் செயலிழக்கச் செய்தார்கள். செல்லின் மின் நிலையம் என்று சொல்லத்தக்க மைட்டோகாண்ட்ரியா சோர்ந்து போனது. விந்தணுவாக மாறும் பயணத்தில் செல் தன் சக்திக்கு இந்த மின் நிலையத்தை அதிகம் நம்ப ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் இல்லை. பியூஸ் பிடுங்கியதும் விளக்கு அணைந்த வீடு இது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. டெக்ஸ்13பி இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது அப்பாவிடமிருந்து வருவதில்லை, அம்மாவிடமிருந்தே வருகிறது. அம்மாவுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. விந்தணுவுக்கான ஜீனால் அவருக்கு ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை. எனவே அவருக்குப் பிள்ளைகள் பிறக்கும். பழுது பல தலைமுறைகளுக்குப் பெண்கள் வழியே ஓசையின்றி வந்து, ஒரு மகனிடம் வந்து நிற்கும்.

இந்தச் செய்தி லேபர் கேம்ப் வீட்டுக்கு வந்தது கணவருடைய அக்காள் மகன் மூலம். செம்பூரில் இருக்கிறான், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து மாமாவுக்கு விளக்கினான். வட்டம் ஆச்சி, சதுரம் தாத்தா, ஆச்சியிலிருந்து மாமாவுக்கு ஒரு கோடு. "மாமாவுக்கு இதுதான்னு யாரும் சொல்லல ஆச்சி, இதை இன்னும் டெஸ்ட் பண்ணவே இல்ல. இப்படியும் இருக்கலாம்னு சொல்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆச்சி காதில் விழுந்தது கோடு மட்டும்தான். "அப்போ, நான் குடுத்ததாலே?" என்றார்.

யாரும் பேசவில்லை. ஏழு ஆண்டுகளாகக் கோயில் கோயிலாக மருமகளை அனுப்பியவர் அவர். உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டவரும் அவர்தான். அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரிஞ்சா குடுத்தீங்க, அத்தை? விடுங்க." அவ்வளவுதான் சொன்னார். பட்டியலில் உள்ள எந்த மருந்தைவிடவும் பெரிய வார்த்தை அது.

படம் வரைந்த பையன் ஒன்றைத் தாமதமாகத்தான் கவனித்தான். ஆச்சியிலிருந்து இன்னொரு கோடு அவனுடைய அம்மாவுக்கும், அங்கிருந்து அவனுக்கும் போகிறது. பழுது அந்த வழியில் இருக்குமானால், அம்மாவிடம் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவிடம் இருந்தால் அவனிடம் வந்திருக்க மறுபடி பாதி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகும்போதுதான் கேட்டான்: "மாமா, கத்தரி இருக்கே. வெட்டிட்டு நல்லதை ஒட்டிர முடியாதா?"

நியாயமான கேள்வி. தினமும் தோல் வெட்டுகிற மாமாவுக்குப் பதிலில் பாதி தெரியும். தோலில் தவறாக விழுந்த வெட்டைத் திரும்ப எடுக்க முடியாது. கிரிஸ்பர் கத்தரி சில சமயம் காட்டிய இடத்தை விட்டு வேறு இடத்திலும் வெட்டும். நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, சரிபார்த்து, திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு அரிவாள் செல் ரத்தசோகைக்காக 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அந்த மாற்றம் அந்த நோயாளியோடு முடிந்துவிடும். விந்தணுவை உண்டாக்கும் செல்லில் செய்யும் மாற்றம் அப்படி முடியாது. பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். 2018 நவம்பரில் சீனாவின் ஹெ ஜியான்குய், கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தபோது உலகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2019 வழிகாட்டு நெறிகள், சந்ததிக்குப் போகும் ஜீன் திருத்தத்தை அனுமதிப்பதில்லை. ஹைதராபாத்திலும் ஒசாகாவிலும் கத்தரி கேள்வி கேட்பதற்காக இருக்கிறது. சிகிச்சை தருவதற்காக அல்ல. 'ஜீன் திருத்தி ஆண்மைக் குறை தீர்ப்போம்' என்று எந்தச் சுவரிலாவது விளம்பரம் தெரிந்தால் அது பொய் என்று கொள்ளலாம்.

சிகிச்சை இல்லையென்றால் காரணம் தெரிந்து என்ன பயன்? பயன் உண்டு. ஒய் குரோமோசோமின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டில் ஏதேனும் ஒன்று முழுதாக இல்லை என்றால், விரையைத் திறந்து விந்தணு தேடுவதில் அநேகமாகப் பலனில்லை. அந்த ஆபரேஷனும் அதற்கான கடனும் மிச்சம். மூன்றாவது பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஜீன் ஒவ்வொன்றும் இத்தகைய ஓர் உறுதியை நோக்கி ஒரு படி. எல்லாவற்றையும்விட, ஒரு பெண்ணின் கருப்பையை மூன்றாவது தடவை சுரண்டுவதை அது நிறுத்தும்.

பயம் ஒன்றும் உண்டு. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் தேடிய கை நாளை ஜீன் அறிக்கையில் தோஷம் தேடலாம். பழி மருமகளிடமிருந்து நகர்ந்து மாமியாரிடம், அவரிடமிருந்து நாத்தனாரிடம் போய் நின்றால், விஞ்ஞானம் வந்தும் பழி பெண்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பது குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அல்ல. அம்மா தந்ததில் அவர் தேர்ந்தெடுத்தது எதுவுமில்லை. அவருக்குத் தந்தவரும் அப்படித்தான்.

பிள்ளை வேண்டாம் என்றாலும் இந்த நாட்டில் கதை மாறுவதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷனை நம்பியிருக்கும் தம்பதிகள் 0.3 சதவீதம். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் மேஜையில் படுப்பவர் பெண். எந்த ஜீன் நின்றால் விந்தணு நிற்கும் என்று கண்டுபிடிக்கும் அதே விஞ்ஞானிகள், அந்த ஜீனின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தும் ஆண் கருத்தடை மாத்திரையையும் தேடுகிறார்கள். ஒரே ஆராய்ச்சி இரண்டு சுமைகளையும் பங்கிட்டுக் கொடுக்கக்கூடும்.

லேபர் கேம்ப் தம்பதிக்கு முன்னால் இப்போது மூன்று வழிகள். விரையை நுண்ணோக்கி வைத்துத் திறந்து, எங்காவது ஒரு மூலையில் விந்தணு இருக்கிறதா என்று தேடும் ஆபரேஷன். கிடைக்கும் என்று எவரும் உறுதி தர மாட்டார்கள். 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வங்கியிலிருந்து பெயர் தெரியாத ஒருவரின் விந்து. அல்லது தத்து. இரவில் பலகைத் தளத்தில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள். கீழே அத்தை தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. மனைவிக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு காலையில் குடங்களை எடுத்துக்கொண்டு கணவர் குழாயடிக்குப் போனார். வழக்கமான பெரியம்மா வழக்கமான கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்: "உம் பொண்டாட்டிக்கு இன்னும் வைத்தியம் பார்க்கலியாப்பா?" அவர் குடத்தை நேராக வைத்தார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. எனக்குத்தான் வைத்தியம் நடக்குது."

வரிசையில் பேச்சு நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் இரண்டு குடங்களையும் நிரப்பிக்கொண்டு சந்துக்குள் திரும்பியபோது, வரிசையில் நின்றிருந்த இளைஞன் ஒருவன் தன் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆனவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, எந்த ஆஸ்பத்திரி?"